காய்ச்சல் கண்ட சுவர்

கொட்டாஞ்சேனையில் ரதி குடியிருந்த ஒழுங்கையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. அங்கே இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு ஓட்டோ ஓட்டுகிற பையன்களில் பாதிப்பேருக்கு ஒரு காலத்தில் மூக்குத் துடைத்துவிட்டவள் அவள்தான். கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்னப் பாலர் பாடசாலையில் நீண்ட காலம் படிப்பித்தாள். அதனால் எல்லோருக்கும் அவள் டீச்சர். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சிறுமியாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு வந்து, தாய் சமையல் வேலை செய்த வீட்டின் பின்னறையில் வளர்ந்தவள் டீச்சர் ஆனதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. சேலை மடிப்புக் கலையாமல் நடப்பாள். கடைக்காரனோடு பேரம் பேசும்போதுகூடக் குரல் உயராது.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் அந்தப் பாடசாலையை மூடினார்கள். பிறகு திறக்கவில்லை. அவளுடைய கணவன் லோகேஸ்வரனுக்குக் கொச்சிக்கடையில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பண்டகசாலையில் வேலை. விடியப் போனால் பொழுது சாய வருவான். வந்து குளித்து, சாப்பிட்டு, டீவியில் செய்தி பார்த்து, படுத்துவிடுவான். கெட்ட மனிதன் இல்லை. பேச்சுத்தான் குறைவு. அதிலும் ஒரு விஷயத்தைப் பற்றி அந்த வீட்டில் இரண்டு பேருமே பேசுவதில்லை. பேசாத விஷயம் ஒன்று இருந்தால், மற்றப் பேச்சுகளும் மெல்ல மெல்ல அதற்குள் போய் விழுந்துவிடுகின்றன.

அப்படி ரதி வீட்டில் சும்மா இருந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு ஷபீகா அவளைக் கூப்பிட்டாள். ஷபீகா மருந்துக் கடையொன்றில் வேலை செய்கிற பெண். அந்த ஒழுங்கைக்குக் குடிவந்து அதிக காலமாகவில்லை.

“சனிக்கிழமை என்னோட வாங்க டீச்சர். வெள்ளவத்தையில நாங்க கொஞ்சப் பேர் சேர்ந்து சிரமதானமா, கூலியில்லாம, ஒரு வீடு கட்டுறோம். வைக்கலால.”

“வைக்கலாலயா? மாட்டுக்கா?”

“மனுசருக்குத்தான்!” என்று ஷபீகா சிரித்தாள். “வந்து பாருங்களேன். வீட்டுக்குள்ளயே இருந்து என்ன செய்யப் போறீங்க?”

ரதி போனாள். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் கடைசியில் இருந்தது அந்தக் காணி. இரண்டு பக்கமும் மாடிக் குடியிருப்புகள் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு மாமரமும் பின்பக்கம் ஒரு சிறிய அனெக்ஸும் மட்டும் மிஞ்சியிருந்தன. காணிக்காரர் இராஜநாயகம். யாழ்ப்பாணத்தவர். கனடாவில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி காலமான பிறகு தனியாகத் திரும்பி வந்தவர்.

“அங்க ஒரு சிநேகிதன்ர வீட்டில கண்டனான்,” என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொல்வார். “வெளியில பனி கொட்டுது. உள்ளுக்கை கணகணண்டு இருக்கு. குளிரை மறிக்கிற சுவர் வெயிலை மறிக்காதே? ஏசி இல்லாமல் இந்தக் கொழும்பில ஒரு வீட்டில இருந்து பாக்கப்போறன்.”

வேலையை நடத்தியவன் றொஹான். கட்டிடக்கலை படித்த சிங்கள இளைஞன். தமிழைத் தைரியமாகப் பிழை விட்டுப் பேசுவான். அத்திவாரமும் மரச்சட்டமும் கூரையும் ஏற்கெனவே முடிந்திருந்தன. பொலன்னறுவைப் பக்க வயல்களில் இயந்திரத்தால் இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகள் லொறியில் வந்து இறங்கின. அவற்றைச் செங்கல் வைப்பதுபோல் மூட்டுக்கு மூட்டு மாற்றி அடுக்கி, மூங்கில் குச்சிகளை மேலிருந்து உள்ளே அடித்து இறக்கி, இருபுறமும் கம்பி வலை தைத்து, அதன்மேல் களிமண் பூசவேண்டும். கடைசியில் சுண்ணாம்பு. வேலை தெரிந்த மேசன் ஒருவர்கூட இல்லை. வங்கிக்காரர்கள், மாணவர்கள், பொழுதுபோகாத பெண்கள். ரதி முதல் நாளே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களிமண் குழிக்குள் இறங்கி மிதித்தாள். பொடி வைக்கோலும் சேறும் கால்விரல்களுக்கு இடையில் பிதுங்கியபோது அவளையறியாமல் சிரிப்பு வந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். அடுத்த சனிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினாள்.

சுவர்கள் எழும்ப எழும்ப ஓசை குறைந்தது. அதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. வெள்ளவத்தையில் ஓசைக்குப் பஞ்சமில்லை. காலி வீதியின் பஸ் ஹோர்ன், பக்கத்துக் கட்டிடத்தில் கொங்கிரீட் கலக்கும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடலோரமாக ஓடும் ரயில். கட்டுகள் கூரையைத் தொட்டு யன்னல்களும் பூட்டியான பின், உள்ளே போனால் இவை எதுவும் இல்லை. குறைந்து கேட்டது என்பதல்ல, கேட்கவே இல்லை. கடல் பக்கத்துக் கண்ணாடியின் வழியே ரயில் போவது தெரியும். மிதிபலகையில் தொங்குகிறவர்கள் வாயைத் திறந்து ஏதோ கத்திப் பேசிக்கொண்டு போவது தெரியும். ஒரு சத்தமும் வராது. முதல் தடவை அதைப் பார்த்தபோது ரதி தன் காதை விரலால் தட்டிப் பார்த்தாள்.

அதிலும் பின்பக்கத்துச் சின்ன அறை இன்னும் மோசம். அதற்குள் போனவர்கள் தம்மையறியாமல் குரலைத் தாழ்த்தினார்கள். சுத்தியலைக்கூட மெதுவாக வைத்தார்கள்.

“கவனிச்சீங்களா டீச்சர்?” என்று ஷபீகா ஒருநாள் கேட்டாள். “மய்யித்துக் கிடக்கிற வீட்டில பேசுற மாதிரி எல்லாரும் பேசுறாங்க.”

“புது இடம். சத்தமில்லாம இருக்கு. அதான்.”

“இல்ல. யாரோ தூங்குறாங்க, எழும்பிடக்கூடாது எண்டு பேசுற மாதிரி.”

அந்த வாரம் ஒரு மாலையில் கடலிலிருந்து கிளம்பிய காற்று மழை, பூசாத சுவர்களில் மழை படாமல் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கின் ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு போனது. சனிக்கிழமை வந்தபோது சின்ன அறையில் தண்ணீர் தேங்கி நின்றது. றொஹான் முகம் வெளுத்துப் போனான். வைக்கோலுக்குள் ஈரம் போனால் உள்ளே புழுங்கிச் சூடேறி அழுகிவிடும் என்றான். நீண்ட ஊசி வைத்த ஈரமானியைக் கட்டுக்குக் கட்டு குத்திப் பார்த்தான். எங்கும் ஈரம் இல்லை. ஆனாலும் காயவிட்டுத் திரும்பவும் குத்திப் பார்த்த பிறகே பூச்சுக்கு அனுமதித்தான்.

சின்ன அறையின் பின்சுவர் ரதியின் பங்குக்கு வந்தது. களிமண்ணை இரண்டு கையாலும் அள்ளி வலைக்குள் அழுத்தி, உள்ளங்கையால் தேய்த்து மட்டம் செய்யவேண்டும். ஈரக் களிமண் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். மத்தியானம் தாண்டும்வரை அவள் அந்தக் குளிர்ச்சியிலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது, தன் இடுப்புயரத்துக்குச் சற்றுக் கீழே, ஓரிடத்தில் கை போய் நின்றது.

சுவர் சூடாக இருந்தது.

கையை எடுத்தாள். பக்கத்தில் வைத்தாள். குளிர்ச்சி. மேலே வைத்தாள். குளிர்ச்சி. திரும்ப அந்த இடத்தில் வைத்தாள். ஒரு சோற்றுப் பீங்கான் அளவு இடம் மட்டும் இதமாக, நிதானமாகச் சுட்டது. வெயில் படும் சுவரும் அல்ல அது. மாடிக் கட்டிடத்தின் நிழல் நாள் முழுக்க அதன்மேல்தான் கிடக்கும்.

றொஹானைக் கூப்பிட்டாள். அவன் கையை வைத்தான். புறங்கையையும் வைத்துப் பார்த்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியல்ல அக்கா.” ஈரமானியை அங்கே குத்தினான். “மீட்டர் பாருங்க. ட்ரை.”

ஷபீகா வந்து தொட்டாள். தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வெளியே போய்க் குழாயடியில் கையை நெடுநேரம் கழுவினாள். அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் காலடி வைக்கவே இல்லை. “எனக்கு அதுக்குள்ள ஏலா” என்று வெளிச்சுவர் வேலையை வாங்கிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது, பஸ்ஸில் யன்னலோரமாக இருந்தபடி, ரதியின் முகத்தைப் பாராமலே சொன்னாள்:

“காய்ச்சல்காரப் பிள்ளையிட நெத்தி மாதிரி இருந்திச்சு டீச்சர்.”

ஷபீகாவுக்கு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

ரதிக்கும் லோகேஸ்வரனுக்கும் ஒரு மகன் இருந்தான். திலக்ஷன். பிள்ளை இல்லையென்று ஊரார் கேட்டுக் களைத்த பிறகு பிறந்தவன். முதலாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பருவத்தில் காய்ச்சல் கண்டது. அந்த மழைக்காலத்தில் கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு டெங்கு. அவனுக்கும் அதுவாக இருக்கலாம் என்று சொல்லி, இரத்தம் பார்க்க மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். அடுப்பில் வைத்த சட்டிபோல் கொதித்துக் கிடந்தவன், ஒரு காலையில் ரதி நெற்றியைத் தொட்டபோது குளிர்ந்திருந்தான். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “சூடு விட்டுடுச்சுங்க, புள்ளைக்குச் சூடு விட்டுடுச்சு” என்று வேலைக்குப் புறப்பட்ட கணவனின் பின்னால் வாசற்படலை வரைக்கும் ஓடினாள். கஞ்சி காய்ச்சினாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னாள். டெங்குவில் சூடு விடுகிற வேளைதான் ஆபத்தான வேளை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. பிள்ளை ஓய்வாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் கையும் காலும் பனிக்கட்டியாகிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் அவன் இல்லை.

அதற்குப் பிறகும் அவள் பாலர் பாடசாலைக்குப் போனாள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள், மூக்குத் துடைத்தாள். ஆனால் பிள்ளைகளுக்குச் சுகமில்லையென்றால் மற்ற டீச்சரைத்தான் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். லோகேஸ்வரன் மகனின் பெயரை வாயால் எடுப்பதில்லை. அவளும் எடுப்பதில்லை. அவளைக் குற்றம் சொல்லிவிடுவோமோ என்று அவன் பயந்தானோ, அவன் சொல்லிவிடுவானோ என்று அவள் பயந்தாளோ, அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்காமலே போயிற்று.

அடுத்த சனிக்கிழமை ரதி நேரே அந்த அறைக்குப் போனாள். பூச்சு அரைவாசி காய்ந்திருந்தது. அந்த இடம் சூடாகவே இருந்தது.

பிறகு அவள் வாரநாட்களிலும் போகத் தொடங்கினாள். பூச்சு வெடிக்காமல் தண்ணீர் தெளிக்கவேண்டும் என்று இராஜநாயகத்திடம் சொன்னாள். அவர் அனெக்ஸில்தான் இருந்தார். கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டு மாமரத்தின் கீழ்ப் பேப்பர் படிப்பார். அவள் உள்ளே போய்ச் சுவரோரமாகத் தரையில் இருந்து, உள்ளங்கையை அங்கே வைத்துக்கொள்வாள். காலையில் இளஞ்சூடாக இருக்கும். பொழுது சாயச் சாயச் சூடு ஏறும். காய்ச்சலுக்கும் அப்படித்தானே. ஒருநாள் கைக்கடியில் மெல்லியதாக ஏதோ துடித்தது. பதறிக் கையை எடுத்தாள். தன் நாடியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, திரும்பவும் வைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஒரு ரயில் ஓசையின்றிப் போனது.

அது தன் பிள்ளை என்று அவள் நினைக்கவில்லை. அவளுக்கு அப்படிப் புத்தி பேதலித்துவிடவில்லை. யாரோ காய்ச்சலோடு கிடக்கிறார்கள், பக்கத்தில் ஆளில்லை. அவள் நினைத்தது அவ்வளவுதான். பாலர் பாடசாலைப் பாட்டுகளை மெல்லப் பாடினாள். சில நேரம் ஒன்றும் பாடாமல், கன்னத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அந்த அறையின் அமைதி ஒரு பிடி இறுகியது போலிருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவர் மூச்சைப் பிடித்தது போல. அன்றைக்கு அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். ஆனால் மறுநாளும் போனாள்.

லோகேஸ்வரன் கவனித்தான். அவள் நகக்கண்ணில் களிமண் இருந்தது. சமைக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். வருடக்கணக்காகக் காணாத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. அந்த வெளிச்சம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அதைக் காணப் பயமாக இருந்தது.

“தினமும் எங்க போயிட்டு வாற?”

“வீடு கட்ட.”

“கட்டி முடிஞ்சிடுச்சு, சுண்ணாம்பு மட்டுந்தான் பாக்கின்னு ஷபீகா சொல்லுச்சே.”

ரதி அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள்: “சனிக்கிழமை நீங்களும் வாங்க. ஒரு இடத்தைத் தொட்டுப் பாக்கணும். நீங்க தொட்டா எனக்குத் தெரிஞ்சிடும்.”

“என்ன தெரியணும்?”

“நீங்க வாங்களேன்.”

அந்தச் சனிக்கிழமை சுண்ணாம்பு வேலைக்கு முந்திய கடைசிக் கூட்டம். இராஜநாயகம் எல்லோருக்கும் சாப்பாடு சொல்லியிருந்தார். லோகேஸ்வரன் அரைநாள் வேலை முடித்து, சட்டை மாற்றாமல் நேரே வந்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ரதி அவன் கையைப் பிடித்துச் சின்ன அறைக்குள் கூட்டிப் போனாள். கல்யாணமான புதிதில்கூட நாலுபேர் முன்னால் அவள் அவன் கையைப் பிடித்ததில்லை.

“இங்க,” என்றாள். அவன் கையை வைக்குமுன் தன் கையை வைத்தாள்.

சுவர் குளிர்ந்திருந்தது.

பக்கத்தில் வைத்தாள். மேலே வைத்தாள். எங்கும் ஒரே குளிர்ச்சி. அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்திருந்தது.

அவள் முகத்தைப் பார்த்து றொஹான் வந்தான். இராஜநாயகமும் வந்தார். றொஹான் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். “ஹரி ஹரி, எல்லாம் சரி. இப்ப நல்லம்தானே அக்கா? உள்ள கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும். இப்ப காய்ஞ்சிருச்சு. இனிப் பயம் இல்ல.”

இராஜநாயகமும் சந்தோஷமாகத் தலையாட்டினார். “ஓம், சூடு விட்டிட்டுது. நல்லதுதானே பிள்ளை.”

ரதி தனக்குப் பக்கத்தில் லோகேஸ்வரனின் மூச்சு ஒருகணம் நின்று திரும்பியதைக் கேட்டாள். அந்த அறையில் அதுவும் கேட்கும்.

“ஒடைங்க,” என்றாள்.

“என்ன அக்கா?”

“இந்த இடத்தை ஒடைச்சுப் பாருங்க. இப்பவே.”

றொஹான் பொறுமையாகச் சொன்னான். பூச்சு அருமையாக வந்திருக்கிறது, திங்கட்கிழமை சுண்ணாம்பு, உடைத்தால் வலை வெட்டவேண்டும், கட்டை இழுக்கவேண்டும், மீட்டர் சரியாகக் காட்டுகிறது, ஏன் உடைக்கவேண்டும்?

“உள்ளுக்கை என்ன இருக்குமெண்டு நினைக்கிறீர் பிள்ளை?” என்று இராஜநாயகம் கேட்டார். அவர் குரலும் தாழ்ந்துவிட்டது.

“எனக்குத் தெரியாதுங்க. ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா குளுந்திடுச்சுன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு நான் இந்த எடத்தை விட்டுப் போக மாட்டேன். இன்னொரு வாட்டி என்னால ஏலாது.”

அவள் என்ன சொல்கிறாள் என்பது அந்த அறையில் ஒரேயொருவனுக்குத்தான் விளங்கியது. லோகேஸ்வரன் குனிந்து, மூலையில் கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்தான். இராஜநாயகத்தைப் பார்த்தான்.

“ஐயா, நான் திரும்பப் பூசித் தாரேன்.”

அவர் தலையசைத்தார்.

முதல் அடியில் பூச்சு வெடித்தது. சுத்தியல் சத்தம் அந்தச் சுவருக்குள் போனதேயன்றித் திரும்பி வரவில்லை. லோகேஸ்வரன் பண்டகசாலையில் பெட்டி உடைத்துப் பழகியவன். மளமளவென்று களிமண்ணைப் பெயர்த்து, வலையை வெட்டி மடித்தான். உள்ளே வைக்கோல் பொன்போல் இருந்தது. றொஹான் மூக்கை வைத்து மோந்தான். அழுகல் நாற்றம் இல்லை, பூஞ்சணம் இல்லை. காய்ந்த வயலின் மணம்தான். “நான் சொன்னேன்தானே” என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான்.

கட்டின் கயிற்றை அறுத்து இருவரும் இழுத்தார்கள். முன்பாதி கழன்று வந்தது. உள்ளே ஒரு குழி இருந்தது.

அந்தக் கட்டுகளை இறுக்கி இறுக்கி அடித்தவர்கள் அவர்கள்தான். ஒரு விரல் நுழைய இடமிருக்காது. ஆனால் சுவரின் நடுவில் வைக்கோல் விலகி, அமுங்கி, ஒரு தொட்டில் அளவுக்குக் குழிந்திருந்தது. குழியின் சுவர்களில் வைக்கோல் தலைமுடி போல நுண்ணியதாக, ஒரே பக்கம் வாரிவிட்டது போலக் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“எலி,” என்றான் றொஹான். “இல்லாட்டி மரநாய்.” ஆனால் டோர்ச் அடித்துத் தேடியபோது புழுக்கை ஒன்றுகூட இல்லை, உரோமம் இல்லை, உள்ளே வர ஓட்டை இல்லை. வெளிச்சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். முழுப் பூச்சு, ஒரு கீறலும் இல்லை. ஈரமானியை உள்ளே குத்தினான். காய்ந்துதான் இருந்தது. பிறகு தயங்கிக் கையை விட்டான். கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு இராஜநாயகத்தைப் பார்த்தான். அவரும் கையை விட்டுப் பார்த்தார்.

“ஆரோ இப்பத்தான் எழும்பிப் போன பாய் மாதிரி இருக்கு,” என்றார் மெல்ல.

வாசலில் நின்ற ஷபீகா ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

ரதி முழங்காலில் இருந்து இரண்டு கைகளையும் உள்ளே வைத்தாள். சூடு இருந்தது. ஆனால் இது காய்ச்சல் சூடு இல்லை. தூங்கி எழும்பிய பிள்ளையின் படுக்கையில் இருக்குமே, அந்தச் சூடு. மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அவள் கைகளை எடுக்கவில்லை. லோகேஸ்வரன் அவளுக்குப் பக்கத்தில் களிமண் தூசிக்குள் இருந்தான். தன் கையை அவள் கைக்கு மேலால் உள்ளே விட்டான். வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. யன்னலில் தண்ணீர் வழிந்ததே தவிர ஓசை இல்லை.

“திலக்ஷன்,” என்றான்.

கூப்பிட்ட மாதிரியும் இல்லை, அழுத மாதிரியும் இல்லை. நெடுநாளாகப் பூட்டியிருந்த கதவைத் தள்ளிப் பார்க்கிறவன்போலச் சொன்னான். ரதி அவனைப் பார்க்கவில்லை. சூடு முழுதாக ஆறும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய், கதவைச் சத்தமின்றிச் சாத்திவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர்கள் பேசினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது அவர்கள் இருவருக்கும் உரியது. ரதி பின்னாளில் ஷபீகாவிடம் ஒன்றுமட்டும் சொன்னாள்: அந்தக் காலையில் அவள் படலை வரைக்கும் ஓடி வந்து சொன்னபோது, தானும் சிரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனதாக லோகேஸ்வரன் சொன்னானாம். தான் சிரித்ததை மட்டும்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்ததை மறந்தே போயிருந்தாள்.

அந்தக் குழி எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. றொஹான் வெளிநாட்டு நிபுணர்களுக்கெல்லாம் படம் அனுப்பிக் கேட்டான். ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள்; ஒன்றும் பொருந்தவில்லை. அடுத்த வாரம் லோகேஸ்வரன் சொன்னபடி வந்தான். புதுக் கட்டு வைத்து, வலை தைத்து, களிமண் மிதித்து, தானே பூசினான். அவன் பூசிய இடம் கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் வந்தது. மட்டம் செய்யவா என்று றொஹான் கேட்டதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்று இராஜநாயகம் தடுத்துவிட்டார்.

வீடு குடிபுகுந்து இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கொழும்பு வெந்து அவிகிற சித்திரையிலும் அதற்குள் குளிர்ச்சிதான். இராஜநாயகம் முன்னறையில் படுக்கிறார். சின்ன அறையில் கட்டிலோ அலுமாரியோ எதுவும் போடவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு, “விருந்தாக்களுக்கு” என்பார். ரதி நுகேகொடையில் நடக்கிற இன்னொரு வைக்கோல் வீட்டு வேலைக்குச் சனிக்கிழமைகளில் போகிறாள். புதிதாக வருகிறவர்களுக்குக் களிமண் மிதிக்கக் காட்டிக் கொடுக்கிறாள். சுவரைப் பற்றி யாரும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

லோகேஸ்வரன் வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போகிறான். கிழவர் தனியாக இருக்கிறார், தோட்டத்தைக் கொத்திக் கொடுக்கவேண்டும் என்பான். ஒரு ஞாயிறு ரதியும் பின்னாலேயே போனாள். படலை திறந்திருந்தது. தோட்டத்தில் ஆளில்லை. சின்ன அறையின் யன்னல் வழியே பார்த்தபோது, தன் கணவன் தரையில் கால் நீட்டி, பின்சுவரில் முதுகைச் சாய்த்து இருப்பதைக் கண்டாள். கண்கள் திறந்திருந்தன. உதடுகள் அசைந்தன. ஏதோ நீண்ட கதையொன்றை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். இடையிடையே நிறுத்தித் தலையைச் சரித்து, கேட்டுக்கொண்டும் இருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் வரவில்லை.

அவள் யன்னலைத் தட்டவில்லை. மாமரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, இராஜநாயகம் கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி, அவன் வெளியே வரும்வரை காத்திருந்தாள்.